ஆம்ப்ளிஃபயரில் விழுந்த காணிக்கை

பேத்துப்பாறை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள உங்களுக்கு, பாண்டீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? ரிட்டயர் ஆனபின் சேர்ந்த இந்த விடுதி வார்டன் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்தான் இன்னும் பழகவில்லை.

நான் செய்த ஆம்ப்ளிஃபயருக்கு மரப்பெட்டியும் செய்துவிட்டேன். மஞ்சள் பெயின்ட் அடித்து, முன்பக்கம் மயிலிறகு வரைந்து, சூடு வெளியேற மேலே நீளமாக ஒரு பிளவு விட்டேன். நேற்று பழனிக்கு நடந்துபோகிறவர்களின் அன்னதானப் பந்தலில் அதில் பாட்டுப் போட்டோம். ஒருவர் கும்பிட்டுவிட்டு, உண்டியல் என்று நினைத்துப் பிளவுக்குள் காசு போட்டுவிட்டார்! பாட்டு நின்றது, கொஞ்சம் புகை வந்தது. பயப்படாதீர்கள், ஃபியூஸ் மட்டும்தான் போனது.

பந்தல் பொறுப்பாளர் சேனாதிபதி சிரித்தார். "ரிட்டயர் ஆன டீச்சருக்கு எதுக்குங்க இந்தச் சோலி? ஓட்டையெல்லாம் அடைச்சு மேசைக்கு அடியில தள்ளிருங்க. இல்லாட்டி வாடகை மைக் செட்டு எடுத்தாந்துருவேன்."

"காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போத்தி, மூக்கையும் அடைப்பீங்களா?" என்று கேட்டேன்.

வேறு ஃபியூஸ் மாட்டி, மேல்பிளவை மூடி, சூடு போக இரண்டு பக்கமும் துளை போட்டுவிட்டேன். மஞ்சளை மாற்றவில்லை, மயிலிறகை அழிக்கவில்லை. ஆசையாக இழைத்துச் செய்ததை ஏன் ஒளிக்க வேண்டும்?

நம் பழைய ரேடியோவின் வெள்ளை வால்யூம் குமிழைக் கழற்றி அனுப்புங்கள், இந்தப் பெட்டியில் பொருத்த வேண்டும். நீங்கள் போடும் துண்டிலேயே சுற்றுங்கள், துவைக்க வேண்டாம். பஸ் ஹாரன் அடிக்கிறது, இதைக் கண்டக்டரிடம் கொடுத்தாக வேண்டும்.

நாளை பெட்டி மேசை மேல்தான் இருக்கும். அடியில் தள்ளினால் நானும் அடியில் உட்கார்ந்து, அங்கிருந்தே மைக்கில் பேசுவேன்.

உங்கள்
பாண்டீஸ்வரி