குழாயைத் திறந்துவிட்டு

செவ்வாய், இரவு.

மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடிந்ததும், பூரண சுகம் கிடைத்துவிட்டது என்று சர்ச்சில் எல்லார் முன்னும் சாட்சி சொன்னேன். அதன்பின் இருமல் வந்ததை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

இன்று தாம்பரத்தில் செக்கப். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ரேடியேஷனால் நுரையீரல் புண்ணாகியிருக்கிறது என்றார். "எத்தனை நாளா இருமல்?"

"ஒரு வாரமா," என்றேன்.

பக்கத்திலிருந்த என் கணவர், "ரெண்டு மாசம், டாக்டர். பாத்ரூம்ல குழாயைத் தொறந்துவிட்டுட்டு இருமுவா. டேங்க் காலியாயிடும். நான் போய் மோட்டார் போடுவேன்," என்றார்.

இரண்டு மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை, மனுஷன்!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்ன சொல்வது?

சற்றுமுன் வீட்டு பாத்ரூமில் குழாயைத் திறக்காமலே இருமினேன். கதவும் திறந்தே இருந்தது.