கண்ணாடிக்குள் கணக்கு சார்

ஜூன் 3
கணக்கு சார் வகுப்பிலேயே சொன்னார்: "நீ ரொம்ப டல்லும்மா." "எந்த டல் சார்? நெறைய இருக்கே," என்றேன். பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். உயரமான டல்.

ஜூன் 4
அத்தையின் தையல் கடைக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. "கடை டல்லுடி. மாசக் கடைசியோட மூடிட்டு வெளியூர் கம்பெனிக்கு வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன்."
அத்தை போய்விட்டால் வீட்டில் நான் யாரை வம்புக்கு இழுப்பது?
அகராதியைப் பார்த்தேன். மந்த புத்தி, மங்கிய நிறம், மழுங்கிய கத்தரி, விடாமல் நச்சரிக்கும் வலி, ஆள் வராத கடை – எல்லாவற்றுக்கும் ஒரே சொல். வெள்ளைக்காரனுக்கு அப்படி என்ன வார்த்தைப் பஞ்சம்? நம்மிடம் தனித்தனியாக இருந்தும் நாமும் டல் என்றுதானே சொல்கிறோம். எது டல்?

ஜூன் 6
கடை முகப்பில் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு ஒரே சட்டை, பல மாதமாக. இன்று வெட்டுத்துணியைத் திணித்துத் தொப்பை வைத்தேன். மண் நிறச் சட்டை, பையில் இரண்டு பேனா, மூக்குக் கண்ணாடி, இடுப்பில் கை.
"யாருடி இது?"
"மாடல், அத்தை."
சட்டை தொப்பையில் இழுத்துக்கொண்டு நின்றது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. பொம்மையானாலும் சுருக்கம் விழக் கூடாதாம். பிரித்து, தொப்பைக்கு அளவாகத் தைத்துப் போட்டாள்.

ஜூன் 8
எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் பொம்மையைப் பார்த்ததும் பபிள்கம்மை விழுங்கிவிட்டு "குட்மார்னிங் சார்" என்றான். வாசலில் ஒரே கூட்டம். துணி கொண்டுவந்தவர்தான் எவருமில்லை.

ஜூன் 9
செத்தேன். சாரே வந்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே இடுப்பில் கை, உள்ளேயும் இடுப்பில் கை. பிறகு கடைக்குள் நுழைந்தார்.
"யாரு தைச்சது?"
"நான்தான் சார். சோடிச்சது இவ," என்று அத்தை ஒரே நொடியில் என்னைக் காட்டிக்கொடுத்தாள். சொந்த அத்தை!
சார் பொம்மையின் சட்டையைத் தடவினார். "எனக்கு எங்க தைச்சாலும் மூணாவது பட்டன் பிச்சுக்கும். இதுல ஒரு சுருக்கம் இல்லியே." என் பக்கம் திரும்பினார். "தொப்பையை எப்படிம்மா அளந்தே?"
"கண்ணாலதான் சார்."
"இதுல மட்டும் கணக்கு தப்பலை," என்றார். அத்தையிடம் இரண்டு கையையும் விரித்து நின்றார், அளவெடுக்க.

ஜூன் 15
ஆசிரியர் அறை மொத்தமும், தொப்பை சகிதம், கடையில். அத்தை மெஷினை விட்டுத் தலை நிமிரவில்லை. எழுத நேரமில்லை, ஏழு சட்டைக்குப் பட்டன் காஜா எடுக்கணும்.