மாற்று ஓட்டக்காரன் எதற்கு?

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு விலாவில் சின்ன அடிதான், பயப்படாதே. கோபம்தான் ஆறவில்லை.

இந்த ஊர் ரேடியோவில் ஆட்டத்தை அலசும் டக் என்றொருவன் நேற்று என்னைப் பற்றிக் கத்தினான்: "பந்தோட ஓட மெயின் ஆளு இருக்கான். அப்புறம் மாத்து ஓட்டக்காரன்னு இந்த ரோஸ்கோ எதுக்கு, பெஞ்சைத் தேய்க்கவா?"

பந்தோடு ஓடுவது மட்டும்தான் ஆட்டமா? ஞாயிற்றுக்கிழமை, பந்தை எறிய நின்ற எங்கள் குவாட்டர்பேக்கை நசுக்கப் பாய்ந்து வந்த தடியனை நான் நெஞ்சைக் கொடுத்து மறித்தேன். அதனால்தான் குவாட்டர்பேக்கால் பந்தை எறிய முடிந்தது, ஜெயித்தோம். கேமரா பந்தின் பின்னாலேயே போய்விட்டது, திரை ஓரத்தில் மறித்த என்னை யாரும் கவனிக்கவில்லை.

அப்போது 'உள்ளூர் ரசிகை' ஒருத்தி போனில் வந்தாள். "ஏம்ப்பா டக், கண்ணை எங்க வச்சிருந்த? ரோஸ்கோ மறிக்கலைன்னா உங்க குவாட்டர்பேக் இப்ப ஆஸ்பத்திரியில கிடப்பான். தங்கமான பையன், சாப்பிட்ட தட்டைக்கூட அவனே கழுவிடுவான்!"

உள்ளூர் ரசிகைக்கு அது எப்படி அம்மா தெரியும்? மிசிசிப்பியில் நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இன்டர்நெட்டில் இந்த ஊர் ரேடியோவைக் கேட்டுப் போன் போடுவது என்ன வேலை? இன்று சாப்பாட்டு அறையில் அணி மொத்தமும் தட்டை என்னிடம் நீட்டியது!

இங்கே குளிர் தாங்கவில்லை, கம்பளி சாக்ஸ் அனுப்பு. உன் பீச் ஜாமும் வேண்டும், இங்கே விற்பதை வாயில் வைக்க முடியவில்லை. பஸ் ஹாரன் அடிக்கிறது.

இனி ரேடியோவுக்குப் பேசாதே. பேசியே தீருவாய் என்றால் தட்டை விட்டுவிடு, மறித்ததை மட்டும் சொல். அதைப் பார்த்தவள் நீ ஒருத்திதான்.

உன் ரோஸ்கோ