செத்தவையின்ர பட்டியலில ஒரு பேர்

30.10.88 ஞாயிறு
பாரிசில குளிர் தொடங்கீட்டுது. ரூ காய் தெருத் தமிழ்க் கடையில முருங்கைக்காய், வாடல். வாங்கேல்லை.
ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்குச் செத்தவையின்ர பேர் சேர்க்கிறது என்ர வேலை. எங்கடை பக்கம் அம்மா, ஐயா, என்ர மனிசன். என்னோட இருக்கிற அண்ணையின்ர மோன் ராஜனும் ஒரு பேர் தந்தான். மரியசீலன், பாசையூர். ஆரடா எண்டன். "எழுதுங்கோ மாமி." பதின்மூண்டு வயசில இயக்கத்துக்குப் போனவன், இப்ப பதினேழு. கூட நிண்ட பெடியனாக்கும் எண்டு எழுதினன்.

2.11 புதன்
பூசையில நான்தான் வாசிச்சன். மரியசீலன் எண்டதும் பிலோமினாக்கா எழும்பி நிண்டா. பாரிசுக்கு வெளியில, லெ பிளாங்-மெனிலில இருந்து வாறவ. அவவின்ர மோனை, வேற இயக்கமெண்டு, ராஜன்ர இயக்கம் பிடிச்சுக்கொண்டு போய் ரெண்டு வருசம். சேதியில்லை. எப்பவும் 'சின்னவன்' எண்டுதான் சொல்லுவா. பேர் எனக்கெங்கை தெரியும்.
வாசலில மறிச்சா. "ஆர் தந்த பேர்?"
"பாத்துச் சொல்லுறன் அக்கா." பொய். மாதாவே.

3.11 வியாழன்
ராஜன் சொல்லிப்போட்டான். அக்கான்ர மோனுக்குக் காவலுக்கு நிண்டவனாம். சுடேல்லை. புதைக்கக் கிடங்கு வெட்டினவன். அப்ப இவனுக்குப் பதினைஞ்சு வயசு.
சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய், கடவுள் மன்னிப்பார் எண்டன்.
"கடவுளுக்குத் தெரியும் மாமி. அவவுக்குத்தான் தெரியாது."
அகதி வழக்கு முடியேல்லை. அந்த மனிசி வெளியில கதைச்சு இவனைத் திருப்பி அனுப்பினால்? அவவிட்டைப் போகவேண்டாமெண்டன். செபமாலை சொல்ல மனம் ஓடேல்லை.

6.11 ஞா.
மறிச்சும் கேக்கேல்லை, தனிய விடேலாமல் நானே கூட்டிக்கொண்டு போனன். ரெயில், பஸ், மழை. வழியெல்லாம் நான்தான் கதை.
பிலோமினாக்கா கதவு திறக்க, நான் தொடங்க முதல் ராஜன் நிண்டபடியே எல்லாத்தையும் சொல்லிப்போட்டான்.
அவ எங்களை உள்ளை விட்டுக் கதவைச் சாத்தினா. பிறகு, "கடைசியா என்ன கேட்டவன்?"
"தண்ணி. குடுத்தனான்."
"சின்னப் பெடியன்தானே அக்கா, அவங்கள் சொன்னதை..." எண்டு இழுத்தன்.
"நீர் வாயை மூடும்." மூடினன்.
"மன்னிப்புக் கேக்க வந்தனியோ?"
"இல்லை. கிடங்கு எங்கையெண்டு சொல்ல."
கொப்பித்தாள் கிழிச்சு வைச்சா. கீறினான். ஒழுங்கை, பனைவடலி, கிணறு, கிடங்குக்கு ஒரு புள்ளடி. மனிசி அதில விரலை வைச்சா.
"கிணத்திலயிருந்து எத்தினை அடி?"
நினைவில்லையெண்டான்.
"இருந்து யோசி."
இருந்தான். ஜன்னலால பாக்க எங்கடை பஸ் போகுது. நானும் இருந்தன்.