உன் படையலுக்கு நான் போட்ட காப்பி

சுவரில் மாலையோடு இருந்துகொண்டு என் அடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் தங்கம் அக்காவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலம் என்று எழுதினால் அது பொய். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. இந்தக் காஜா பேராங் தெரு வீட்டுக்குள் வலதுகாலை வைத்த நாளிலிருந்தே பொறாமை.

நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு உன் புருஷருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். உன்னைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். முகம் பார்க்காதவளை 'நீ' என்று எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. ஒரே அடுப்பை ஊதியவர்கள், ஒரே மனிதருக்குச் சோறு போட்டவர்கள். நமக்குள் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? வேறு யார் இதைப் படித்தாலும் படிக்கட்டும். இந்தத் தெருவே உன் காப்பியைப் புகழ்ந்தபோது அது என் காதிலும்தானே விழுந்தது.

ஊர்ச் சேதி ஒன்று சொல்லவேண்டும். இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது அக்கா. கடை வாசலெல்லாம் கொடி. இவர் தான் ஓட்டும் அலோர் காஜா பஸ்ஸின் முன்னால் ஒரு கொடியைக் கட்டி, வழியெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். பஸ்ஸில் ஏறியவர்களோடு சேர்ந்து 'மெர்டேக்கா' என்று கத்தி, தொண்டை கட்டிக்கொண்டு வீடு வந்தார். சுடச்சுடக் காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. தங்கம் கைக்காப்பின்னா..." என்று இழுத்தார். மீதி அரை டம்ளர் அப்படியே ஆறிப்போனது.

வெள்ளைக்காரனே இந்த நாட்டை விட்டுவிட்டுப் போய்விட்டான். நீ மட்டும் என் டம்ளரை விடமாட்டேன் என்கிறாயே, இது நியாயமா?

நான் காப்பி போடத் தெரியாதவள் இல்லை. சிரம்பானில் என் அப்பா காப்பிப் பிரியர். பச்சைக் கொட்டையை வாங்கி வந்து கரியடுப்பில் இரும்புச் சட்டி வைத்து, தீ அடங்கியிருக்கும்போது போட்டு, கை ஓயாமல் கிளறவேண்டும். கொட்டை பொரிந்து, மேலே லேசாக எண்ணெய் மினுங்கும்போது இறக்கிவிடவேண்டும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே அரைக்கவேண்டும். பித்தளை ஃபில்டரில் தூளை அழுத்தாமல் போட்டு, கொதிநீரைச் சுற்றிவர ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். என் அப்பா முதல் டிகாஷனை வாங்கிக் குடித்துவிட்டு, "சரோஜா, உன்னைக் கட்டிக்கப்போறவன் குடுத்து வச்சவன்" என்பார். அந்த ஃபில்டரைத்தான் சீர்வரிசையோடு கொடுத்தனுப்பினார்.

கொடுத்து வைத்தவர் என்ன செய்தார் தெரியுமா? விடிவதற்கு முன்னால் எழுந்து, நான் நீட்டும் டம்ளரில் பாதியைக் குடித்து, மீதியை வைத்துவிட்டு சைக்கிளில் கிளம்புவார். பிறகு பஸ் நிலையத்துப் பக்கத்தில் சீனன் கடையில் உட்கார்ந்து, அவன் 'கோப்பி' என்று தரும் காப்பியை ஒரு கோப்பை முழுசாகக் குடிப்பார். இதைப் பால்காரர் வந்து என்னிடம் சொன்னார். வீட்டில் பெண்டாட்டி அடுப்பு மூட்டிவைத்திருக்க, கடையில் போய்க் காப்பி குடிக்கிறவரின் மனைவிக்குத் தெருவில் என்ன முகம் இருக்கும்? சொல் அக்கா.

நானும் எல்லாம் செய்து பார்த்தேன். உன் பழைய ஃபில்டரை எடுத்துத் துலக்கி அதில் இறக்கினேன். நீ வாங்கிய அதே ஜாலான் பெண்டஹாரா தெருச் சாமான் கடையில் கொட்டை வாங்கினேன். நீ ஆற்றிய டபராவிலேயே ஆற்றினேன். ஊஹூம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மாமியார் இல்லாத வீடு என்று சந்தோஷப்பட்டு வந்தேன். அந்தக் குறையை நீ தீர்த்துவைத்தாய்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் என் கையால் கொடுக்கும் காப்பியை, என் முன்னால் உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை குடிக்கவேண்டும். இதைப் பேராசை என்று நீயாவது சொல்லமாட்டாய்.

அப்புறம்தான் உன் திதி வந்தது.

"தங்கத்துக்குக் காப்பின்னா உயிரு" என்றார் இவர். "இலையில ஒரு டம்ளர் காப்பி வைக்கணும். பாத்து நல்லாப் போடும்மா."

பாத்து நல்லாப் போடும்மா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கும்போது தெருவையே கட்டிப்போட்டவளுக்கு, அவளிடம் தினமும் தோற்கிறவள் காப்பி போட்டுப் படைக்கவேண்டும். அவள் அதைக் குடித்துப் பார்த்து மேலே போய்ச் சிரிப்பாள். சட்டத்துக்குள் உன் உதடு லேசாக வளைந்திருக்கிறதே, அது இதற்குத்தான் என்று நினைத்தேன்.

ஆனாலும் ரோஷம் விடவில்லை. போட்டால் இவளே அசரவேண்டும் என்று முதல்நாளே கொட்டையை வறுத்தேன். பால்காரரிடம் சொல்லித் தண்ணீர் காட்டாத பாலாக வாங்கினேன். வடை, பாயசம், நீ கட்டாமல் போன ஒரு புதுச் சேலை, வெற்றிலை பாக்கு, பழம், எல்லாம் வைத்து, கடைசியில் நுரை பொங்க அந்தக் காப்பியை இலையோரத்தில் வைத்தேன். இவர் சாம்பிராணி காட்டினார். நீ வந்து சாப்பிடவேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் நின்றோம்.

செட்டிக் கம்பத்து மங்களம்மாவும் வந்திருந்தார். உனக்கு நல்ல சிநேகிதம் என்று கேள்வி. பல தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் செட்டிகள், அவர்களும் நம்மைப்போல முன்னோருக்குப் படைக்கிறவர்கள்தானே. ஆனால் தமிழ் அவ்வளவாக வராது, பேச்செல்லாம் மலாய்தான். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார், அந்தக் காப்பி யாருக்கு என்று. அக்காவுக்குத்தான் என்றேன். அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"டியா மானா அடா மினும் கோப்பி!"

அவள் எங்கே காப்பி குடித்தாள், என்கிறார்! எனக்கு மலாய் புரியும். இருந்தும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இவர் திரும்பிப் பார்த்தார்.

மங்களம்மா சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். காப்பி குடித்தால் உனக்கு நெஞ்செரியுமாம். ஒரு வாய்கூடக் குடிக்கமாட்டாயாம். மத்தியானம் அந்த அம்மா வீட்டுக்குப் போய், பால் விடாத வெறும் தேத்தண்ணியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவாயாம். பிறகு எப்படி அப்படிக் காப்பி போட்டாள் என்று நான்தான் கேட்டேன். இவர் முகத்தைப் பார்த்துப் போட்டாள் என்றார் அந்த அம்மா. முதல் வாயிலேயே டம்ளரை இறக்காமல் குடித்தால் சரி. புருவம் கொஞ்சம் ஏறினால் மறுநாள் தூளைக் கூட்டுவாயாம். இவர் கடைக் கசப்புக்குப் பழகின நாக்குக்காரர் என்று முகத்திலேயே கண்டுபிடித்து, தெங்கேராவில் சீனர் சீனி போட்டுக் கருக்க வறுத்த தூளில் ஒரு கரண்டி வாங்கிக் கலந்திருக்கிறாய்.

அடிப்பாவி! என் அப்பா கேட்டால் சட்டியைத் தூக்கிப் போட்டு உடைப்பார். நான் சுத்தமான கொட்டையை வறுத்து வறுத்துக் கைரேகை தேய்ந்து போனேன். நீ கடைத்தூளைக் கலந்து ஊர்ப் பெயரைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் பொறாமை இரண்டு மடங்கானது. அதுவரை உன் கையைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். இப்போது உன் கண்ணைப் பார்த்தும். நான் என் நாக்குக்குப் போட்டேன், என் அப்பா பெயரைக் காப்பாற்றப் போட்டேன். இவர் முகத்தை நான் எப்போது பார்த்தேன்? டம்ளரில் எவ்வளவு மிச்சம் என்றுதானே பார்த்தேன்.

கதவைத் திறந்தோம். காப்பியில் ஆடை படிந்திருந்தது. இவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். இலையில் மற்றதெல்லாம் உனக்குப் பிடித்ததுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

"எனக்குத் தெரியாதே சரோஜா" என்றார். "இத்தனை வருசம்... அவ என்ன குடிப்பான்னு நான் கேட்டதே இல்லியே."

அப்போது எனக்கு அழுகை வந்தது அக்கா. சத்தியமாக, உனக்காகத்தான். ஏன் நீ வாயைத் திறக்கவில்லை? எனக்கு இது ஆகாது, தேத்தண்ணி கொஞ்சம் வாங்கிப் போடுங்கள் என்று சொல்லியிருந்தால் இந்த மனிதர் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? அவர் குடித்துவிட்டுக் கிளம்பட்டும், நமக்கென்ன என்று இருந்துவிட்டாயா? நானும் அப்படித்தானே, அவர் போன பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே என் காப்பியைக் குடிக்கிறேன். இந்த வீட்டில் அது யாருக்குத் தெரியும்?

மறுநாள் விடியற்காலை நான் அடுப்பை மூட்டும்போது இவர் எழுந்து வந்தார். வழக்கமாக முன்கூடத்தில் உட்கார்ந்து சட்டையை மாட்டுகிறவர், அன்று மணைக்கட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தார். டிகாஷன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ எப்படிக் குடிப்ப? சீனி எவ்வளவு?"

என்னை யாரும் கேட்டதில்லை. சிரம்பானில்கூடக் கேட்டதில்லை.

"கொஞ்சமாத்தாங்க" என்றேன். "பால் அதிகமா விட்டா எனக்குப் பிடிக்காது."

"அப்ப உனக்கும் ஊத்திக்க. உக்காந்து குடி."

உட்கார்ந்தேன். கடைத்தூள் கலக்காத, சிரம்பான் காப்பி. கலக்கலாமா என்று முதல்நாள் ராத்திரியே மனசு அரித்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முதல் தடவையாக அவர் டம்ளரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். புருவம் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. இரண்டாவது வாயில் இறங்கியது. அப்புறம் பஸ்ஸைப் பற்றி ஏதோ பேசினார், பிரேக் சரியில்லை என்றார். பேசிக்கொண்டே குடித்தார். குடித்து முடித்து, காலி டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இருந்தது அக்கா. இல்லாவிட்டால் என் டம்ளரையே கொடுத்திருப்பேன்.

பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் சீனன் கடைக்குப் போகிறார். ஆனால் வீட்டில் குடித்துவிட்டுத்தான் போகிறார். 'தங்கம் இருந்திருந்தா' என்று இப்போதும் சில நாள் இழுக்கிறார். இழுத்துவிட்டு, நீ குடிக்காத காப்பி ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திக்கொள்கிறார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. நீதான் முகம் பார்ப்பதில் கெட்டிக்காரியாயிற்றே, சட்டத்துக்குள்ளிருந்து பார்த்திருப்பாய்.

என் பொறாமை போய்விட்டதா? எங்கே போகும். இந்த மனிதரின் நாக்கைக் கண்ணாலேயே படித்தவள் நீ. அது எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் உனக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. சீனி எவ்வளவு என்று என்னைக் கேட்டார் அக்கா. என்னைக் கேட்டார். இத்தனை நாள் நான் பட்டேன். இனி நீயும் என்மேல் கொஞ்சம் பொறாமைப்படு.

அடுத்த திதிக்கு உன் இலையில் காப்பி இருக்காது. பால் விடாத தேத்தண்ணியும் பக்கத்தில் ரொட்டியும் இருக்கும். நான் போடமாட்டேன், அவரைத்தான் போட வைப்பேன். எவ்வளவு சீனி என்று மங்களம்மாவிடம் அவரே போய்க் கேட்டுக்கொண்டு வரட்டும். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் அடுப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தங்கை,
சரோஜா