முட்டி குளிரோ என்று கேட்டீர்கள்

இன்று கடையொன்றில் புது பிரிட்ஜுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன். உங்களைப் போல எனக்கும் சலரோகம் வந்து, இன்சுலின் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்த பிரிட்ஜ் ஓடாது என்று மகள் கூட்டிப்போனாள். "இது கரண்ட் குறைவாத்தான் இழுக்கும் அம்மா, கதவில ஒட்டியிருக்கிற நட்சத்திரத்தைப் பாருங்கோ" என்றார் கடைக்காரத் தம்பி. நான் வேறொன்று கேட்டேன்: "கரண்ட் நிண்டால் எவ்வளவு நேரம் குளிர் நிக்கும்?" அவர் சிரித்தார். "இப்ப எங்கையம்மா கரண்ட் நிக்குது?" என்றார். உங்களுக்கு அந்தச் சிரிப்புப் பிடித்திருக்காது.

நீங்கள் எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லையே. கலியாணம் முடித்த புதிதில் ஒரு மேசை மின்விசிறிக்காகத் திருகோணமலைக் கடைகளையெல்லாம் அளந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஈரக் கைக்குட்டையைப் பிடித்து, எதன் காற்றில் கெதியாய்க் காய்கிறது என்று பார்த்தீர்கள். நான் வெட்கத்தில் வாசலோடு நின்றுவிட்டேன். "பொம்பிளையும் இப்பிடிப் பாத்துத்தான் எடுத்தனீங்களோ?" என்று வழியில் கேட்டேன். "அதில மட்டும் அவசரப்பட்டிட்டன்" என்றீர்கள். அந்த மின்விசிறி உண்மையில் நல்லதுதான், நெடுங்காலம் உழைத்தது.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. எங்கள் ஊர் அன்புவழிபுரத்தில் கரண்ட் போனது போனதுதான். உங்கள் இன்சுலின் குப்பிகள் பிரிட்ஜுக்குள் இருந்தன. கதவைத் திறக்காமல் வைத்தால் குளிர் தங்கும் என்றீர்கள். ஒரு நாள் தங்கியது. அதற்குப் பிறகு அது வெறும் அலுமாரி. மாமி வீட்டில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் பிரிட்ஜை வண்டியில் கொண்டுவந்தீர்கள். அது புகைத்துப் புகைத்து நன்றாகவே குளிர்ந்தது. ஆனால் விளக்குக்கே மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் அந்தப் பெட்டிக்கு யார் ஊற்றுவது?

அப்போதுதான் மண் முட்டிக்கு வந்தீர்கள். பெரிய முட்டிக்குள் சின்ன முட்டி, நடுவில் ஈர மணல், மேலே நனைத்த சாக்கு. மணல் சல்லிக் கடற்கரையில் எப்போதோ அள்ளி வந்தது, உப்புப் போக நான்தான் கழுவினேன். மருந்தை வைக்க முதல் மாஜரின் துண்டொன்றை வைத்துச் சோதித்தீர்கள். வெயில் படக்கூடாது என்று சாமான் அறையின் இருட்டு மூலையில் வைத்தீர்கள். மாஜரின் உருகி வழிந்தது. நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தீர்கள்.

"வேர்த்தால் நீங்கள் என்ன மூலைக்குள்ளயோ போறனீங்கள்? காத்துப் பட வையுங்கோவன்" என்றேன்.

குசினி யன்னலடிக்கு மாற்றினீர்கள். வெளியே கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது. ஆளை வாட்டுகிற அதே காற்று முட்டியை மட்டும் குளிர வைத்தது. மாஜரின் இறுகியே கிடந்தது. "மூண்டிலயும் இதுதான் திறம். எண்ணெயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்" என்று சொல்லி, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வீடெல்லாம் நடந்தீர்கள்.

அதிலிருந்து காலையில் உங்கள் முதல் கதை அதுதான். "இஞ்சரும், முட்டி குளிரோ?" நான் கையை உள்ளே விட்டுப் பார்த்து, "ஓம், நல்ல குளிர்" என்பேன். உமக்கு என்ன தெரியும் என்று நீங்களும் வந்து கையை விட்டுப் பார்ப்பீர்கள்.

பாதை பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்துவிட்டது என்றார்கள். மருந்துக் கடைகள் திறக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்தபோதெல்லாம் நான் ஓடினேன், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டேன். நீங்கள் அளவைக் குறைத்துக் குறைத்து ஏற்றினீர்கள். கடைசிக் குப்பியைக் கவிழ்த்து, ஊசியில் ஒன்றும் ஏறவில்லை என்று கண்ட பிறகும், அதைத் திரும்ப முட்டிக்குள் வைத்தீர்கள்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். மருந்து பழுதாகியிருந்தால் வெயிலைத் திட்டலாம், என் கையைத் திட்டலாம். ஒரு துளிகூடப் பழுதாகவில்லை. நீங்கள் செய்ததெல்லாம் சரி. சரியாகச் செய்த மனிதரைத்தான் நான் பறிகொடுத்தேன்.

தாகம் என்றீர்கள், சத்தி எடுத்தீர்கள், பிறகு மூச்சு பெரிதாய் வாங்கத் தொடங்கியது. மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆயத்தப்படுத்தினார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கதிரையில் இருத்தித் தூக்கும்போது கண்ணைத் திறந்தீர்கள்.

"இஞ்சரும், முட்டி குளிரோ?"

நான் குசினிக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்தேன். வெறுங்குப்பி தட்டுப்பட்டது. திரும்பி வந்து, "ஓம், நல்ல குளிர்" என்றேன்.

"அப்ப பயமில்லை" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு கதைக்கவில்லை.

இந்த வீட்டில் எத்தனையோ போய்விட்டன, முட்டி இருக்கிறது. அதில் நான் எதையும் வைப்பதில்லை. கச்சான் காற்று தொடங்கினால் சாக்கை நனைக்கிறேன். ஏன் அம்மா என்று மகள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

இன்று கடையில் நான் கையை எடுக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி, "என்னம்மா, குளிர் காணுமோ?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. மகள்தான் எனக்காக, ஓம், நல்ல குளிர் என்றாள்.