நீ தோற்றது என்னிடம்

இன்று காலை மார்க்கெட்டுக்குள் நுழைந்ததுமே பினாயில் வாசம் மூக்கில் ஏறியது. மீன் வாடையையும் மீறிய வாசம். பெண்கள் கழிப்பறையை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தவர்களை நினைத்துக்கொள்ள மற்றவர்களுக்கு மல்லிகையோ ஊதுபத்தியோ வேண்டியிருக்கிறது. உன்னை நினைக்க எனக்குப் பினாயில் போதும். பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். "இன்னா கவுன்சிலரம்மா, எடுத்துக்கிறியா, வேற ஆளுக்குப் போடட்டுமா?" என்று மீன்காரம்மா அதட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

நாம் இருவரும் சிநேகிதிகளா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது. மாநகராட்சித் தேர்தலில் நீ என்னை எதிர்த்து நின்றவள். நம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்கவில்லை. வருஷக்கணக்கில் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டியவர், சீட்டு தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். மறுநாளே தெளிந்துவிட்டார். "நீ நில்லு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று வேட்பு மனுவை என் முன்னால் நீட்டினார். நீ யாரையும் கேட்கவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்காரர்களுக்கு இட்லி போட்டுக்கொண்டிருந்தவள், கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போய்ச் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்தாய். உனக்குக் கிடைத்த சின்னம் கேஸ் அடுப்பு.

பிரசாரத்தின்போது ஒரு சந்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? என் பக்கம் மேளமும் கொடியும் கூட்டமும். உன் பக்கம் நீயும், தலையில் ஒரு பழைய அடுப்பைச் சுமந்த உன் தங்கையும். நீ வழி விடவில்லை.

"ஜெயிச்சா மார்க்கெட்டு லேடீஸ் பாத்ரூம் பூட்டைத் தொறப்பியா? அத்த மட்டும் சொல்லு, போறேன்" என்றாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், "அல்லாம் தொறப்போம், வழிய விடு" என்று உன்னை ஒதுக்கினார்.

அந்தக் கழிப்பறை கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடந்தது. சாவி வீட்டுக்காரருடைய தோஸ்து ஒருவரிடம் இருந்தது. ஐஸ் பெட்டிகளை அடுக்கிவைக்க அந்த ஆளுக்கு அது வசதி. விடியலில் கூடையோடு வந்து உட்காரும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல், வியாபாரம் முடியும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கோடை வெயிலிலும் அப்படித்தான்.

நான் ஜெயித்தேன். ஆனால் சால்வை வீட்டுக்காரருக்கு, மாலை அவருக்கு, வணக்கமும் அவருக்கு. மனுக்களை அவர் வாங்குவார், அவர் விரல் வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். சுற்றுவட்டாரத்தில் பெண்கள் ஜெயித்த வார்டு பலவற்றில் இதே கதைதான் என்பதால் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை, எனக்கும்தான்.

பிறகு மார்க்கெட் பக்கத்தில் ஷாமியானா போட்டு நம் வார்டு மக்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. நடு நாற்காலியில் அவர், ஓரத்தில் நான். மாநகராட்சி இஞ்சினியர் அவரைப் பார்த்து, "கவுன்சிலர் சார், ஆரம்பிக்கலாமா?" என்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து நீ எழுந்தாய்.

"இன்னா நைனா, நீ எப்போ ஜெயிச்ச? நான் தோத்தது இந்தம்மாகிட்ட. உன்கிட்ட இல்ல."

ஷாமியானா முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்து மழுப்பப் பார்த்தார். "சும்மா ஒத்தாசைக்குக் குந்திகினு கீறேன்மா" என்றார்.

"ஒத்தாசைன்னா பக்கத்துல நில்லு. எய்ந்துரு மொதல்ல."

அப்புறம் என் பக்கம் திரும்பினாய். "நீ இன்னாமே, பொண்ணு பாக்க வந்தா மாரி தலையைத் தொங்கப் போட்டுகினு கீற? ஓட்டு கேக்க வந்தப்போ நிமிந்துதானே வந்த?"

எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த ஆத்திரத்தில்தான் எழுந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் எதிரே போய் நின்றேன். அவர் எழுந்துகொண்டார், நான் உட்கார்ந்தேன். மைக்கில் நான் பேசிய முதல் வார்த்தை வணக்கம்கூட இல்லை. "அந்தப் பாத்ரூம் பூட்டு யாருது?" என்றேன். இஞ்சினியர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அவரை ஏன் சார் பாக்குறீங்க? நான் கேக்குறேன், என்கிட்ட சொல்லுங்க" என்றேன். முன்வரிசையில் மீன்காரப் பெண்கள் விசிலடித்தார்கள். நாளைக் காலைக்குள் ஐஸ் பெட்டிகள் வெளியே வராவிட்டால் பூட்டை உடைக்கச் சொல்வேன் என்று அங்கேயே அறிவித்தேன்.

இனி இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போன வீட்டுக்காரர், போயும் போயும் உன் கடையில் வந்து உட்கார்ந்தார். நீ இட்லியும் வைத்து அர்ச்சனையும் செய்து அனுப்பினாய். "உன் பொஞ்சாதி பேசினா உனக்குத்தான் கெத்து, புரியாம பேஜாரு பண்ணிகினு கீற" என்றாயாம். வெகுநாள் கழித்து அவரே சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் காலை சுத்தியலோடு ஆட்கள் வந்து நின்றதுமே, அந்தத் தோஸ்து "அண்ணி, அண்ணி" என்று சாவியோடு ஓடி வந்தார். கதவு திறந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் இல்லை, மோட்டாரும் இல்லை. அவை வரும்வரை நீ என்னைத் தூங்கவிட்டாயா? பொழுது விடிந்தால் என் வாசலில் நிற்பாய். மண்டலக் கூட்டத்தில் நான் எழுந்து எழுந்து கேட்டதற்குப் பாதிக் காரணம், வீட்டுக்கு வந்தால் உனக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை உன்னிடம் நீட்டினேன். "இதுக்குப் போயி ரிப்பனாமே? அவசரத்துக்கு வரவ கத்தரிக்கோல் தேடிகினா நிப்பா?" என்று கேட்டுவிட்டு, ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாய். உன் பின்னாலேயே எல்லாப் பெண்களும் குனிந்து குனிந்து போனார்கள். கடைசியில் அதை யாருமே வெட்டவில்லை. அன்றைக்கு நான் சிரித்ததுபோல் என் ஆயுளில் சிரித்ததில்லை. தேர்தலில் ஜெயித்த நாளில்கூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

போன மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழவே இல்லை. நீ போன அன்று மார்க்கெட் முழுக்கக் கடை போடவில்லை. என்னை ஒரு கட்சிக்காரர் தனியாகக் கூப்பிட்டு, "எதிர்த்து நின்னவங்களுக்கு நீங்க இவ்ளோ அழுறீங்களே" என்றார். அவருக்கு என்னவென்று விளக்குவது? நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

இப்போது அடுத்த தேர்தல் பேச்சு தொடங்கிவிட்டது. வார்டு இம்முறை பொதுவாகிவிடும், ஆண்களும் நிற்கலாம் என்கிறார்கள். போன வாரம் கட்சி அலுவலகத்தில் பெரியவர் ஒருவர், எனக்குத் துணையாக வந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்து, "இந்த வாட்டி நீயே நின்னுடேன்பா, எத்தினி வருஷமா ஒழைக்கிற" என்றார். வீட்டுக்காரர் ஆசைப்பட்டதுதானே அது? அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் நின்னா இவங்க சுயேச்சையா எனக்கு எதிரா நிப்பாங்கண்ணே. என் டெபாசிட்டே போயிடும்" என்றார்.

பெரியவர் சிரித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சீட்டு இல்லை என்றிருந்தால் உன்னைப் போலவே தனியாகப் போய் மனுப் போட்டிருப்பேன், அவரை எதிர்த்தாவது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. உன்னிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டது. நீயே நேரில் வந்து கேட்டாலும் திருப்பித் தர மாட்டேன், போ.